பட்டப்பகலில் கேட்ட சாவுத் தப்பு

தூங்குமூஞ்சிகளால் யாருக்கும் கெடுதல் வராது என்று சொல்பவர்கள் என்னைப் பார்த்ததில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு ரவுடிக் கூட்டத்தையே என் தூக்கம் ஒழித்துக்கட்டியது. (பொலிசுக்காரங்களால முடியாததுங்க!)

என் அப்பா தோட்டத்துத் தப்புக்காரர். விடியுமுன் அவர் தப்புப் பறையை அடித்தால் வரிசை வீடுகளான லயமே எழும்பிப் பெரட்டுக் களத்துக்கு ஓடி, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கும். நான் மட்டும் கம்பளிக்குள் கிடப்பேன். பிந்திப் போனால் கங்காணி விரட்டிவிடுவார். விரட்டுப்பட்டு விரட்டுப்பட்டுத்தான் வீரய்யா அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் ஓடைக்கு மேலே காட்டில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சினார். கூடவே நாலைந்து அடியாட்கள். கங்காணியே அவரைக் கண்டால் தலைத்துண்டை இடுப்புக்கு இறக்குவார். எங்களுக்கு ஆட்டுக்கறி போட்டு, பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வார். எங்களில் ஒருத்தன் கடைத்தெருவில் வாய்விட்டான் என்று அவன் தாடையை உடைத்ததும் அதே கைதான். அந்தக் கையைக் கழுவிவிட்டு, படுக்கையில் கிடந்த தன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டப் போனார். அந்தக் கிழவி ஒருத்திக்குத்தான் அவர் பயப்படுவார்.

என்னைக் காவலுக்கு வைத்தார்.

"டேய் சுப்பையா, நீ தப்புக்காரர் மகன்தானே? ரோட்டு வளைவுல பொலிசு ஜீப்பு தெரிஞ்சா பெரட்டுத் தப்ப அடி. பட்டப்பகல்ல அது கேட்டா நாங்க காட்டுக்குள்ள ஓடிருவோம்."

"சரிங்கண்ணே."

"அடிக்கத் தெரியுமாடா?"

"என்னண்ணே இப்புடிக் கேட்டுட்டீங்க? ரத்தத்துலயே ஊறுனதுண்ணே!"

(ரத்தத்துல ஊறி என்ன? காதுல விழுந்திருக்கணுமே!)

ஒரு மத்தியானம் ஜீப் வந்தது. தப்பைத் தூக்கினேன். கை அப்படியே நின்றுவிட்டது. பெரட்டுத் தப்பு எப்படிப் போகும்? பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அதை நான் முழித்திருந்து கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே அடிதான், சாவு வீட்டு அடி. சும்மா குடிக்கலாமே என்று நான் எந்தச் சாவையும் விட்டதில்லை. ஜீப் நெருங்க நெருங்க, கை தனக்குத் தெரிந்ததை அடித்தது. நன்றாகவே அடித்தேன். கொழுந்து மலையில் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமினார்கள்.

காட்டுக்குள் ஓடவேண்டிய வீரய்யா அண்ணன், "ஆத்தா!" என்று அலறிக்கொண்டு லயத்துக்கு ஓடிவந்தார். பின்னால் அடியாட்களும். வாசலில் ஜீப் நின்றது. உள்ளே கிழவி கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா செத்தது?" என்று மகனைக் கேட்டாள்.

அதற்குள் அவர் கையில் விலங்கு விழுந்திருந்தது. ஜீப்பில் ஏறும்போது, தப்போடு ஓடிவந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"எங்காத்தா சாவ அடிச்சுக் காட்டிக் குடுத்துட்டியேடா."

தெரியாமல் அடித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? தப்புக்காரர் மகனாயிற்றே! அன்று பிடிபடாமல் ஓடிய அடியாள் ஒருத்தன் மறுநாள் வந்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பின்பக்கத்தால் என் வலதுகையில் இரண்டு விரலை உடைத்தான். அவை இன்றும் கோணலாகத்தான் நிற்கின்றன.

மகன் மறியலில் கம்பி எண்ணிக்கொண்டிருக்கும்போதே கிழவி நிஜமாகவே செத்துப்போனாள். அப்பாவுக்குக் காய்ச்சல். கட்டுப்போட்ட விரலோடு நான்தான் தப்படித்தேன். மலையிலிருந்து ஒருத்தரும் இறங்கி வரவில்லை. சுப்பையா சாவுத் தப்பு அடித்தால் ஜீப் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பாடை தூக்க ஆள் சேர்க்க, மலை மலையாக ஏறிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

மறியலிலிருந்து வந்த வீரய்யா அண்ணன் நேரே எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்தார். கத்தி இடுப்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஆத்தாவுக்கு நீதான் அடிச்சியாமே?"

"ஆமாங்கண்ணே."

"இந்தக் கையாலயா?"

"ஆமாங்கண்ணே."

"அத அடிடா. நான் கேக்கணும்."

அடித்தேன். வாசற்படியில் குந்தித் தலையைக் கவிழ்த்துக் கேட்டார். முடிந்ததும் எழும்பிப் போனார். அப்புறம் அவர் அந்த ஓடைப் பக்கமே போகவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தகரத்தைத் தட்டினால், "ஜீப்பா, சாவா?" என்று என் பொண்டாட்டி கேட்பாள். நான் செத்தால் சாவுத் தப்பு கிடையாதாம். பெரட்டுத் தப்புத்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறாளாம்.

"ஏன்டி அப்புடி?"

"உசுரோட இருக்கையிலேயே அதுக்கு எந்திரிக்காத மனுசன். பயமில்லாமப் பொதைக்கலாம்."