காகிதத்தில் அடங்காத பெயர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது: சாமரபுரியின் பிரதிநிதிகள் அயல்நாட்டில் வேறெதற்கும் வாய் திறக்கும் முன், மாமன்னரின் நூற்றெட்டுப் பட்டங்களையும் நின்றுகொண்டே சொல்ல வேண்டும். பண்பாடே நம் உயிர்.

முரசு ஓய்ந்ததும் வணிக அமைச்சர் திருமேனிநாதர் ஓல்மார் நாட்டுக்குக் கப்பலேறினார். மீனை உப்பிட்டு விற்கிற நாடு அது. உப்பளக்காரி மாடத்தியும் மாதிரிக்கு ஒரு பை உப்போடு கூடப் போனாள். மழைக்காலத்துக்குள் விற்காவிட்டால் ஓராண்டு உழைப்பு கரைந்து ஓடிவிடும். அவளை நம்பி நாற்பது பேர் இருந்தார்கள்.

ஓல்மார் வணிகர் ஓர்சன் கால்மணி நேரம் ஒதுக்கியிருந்தார். சொன்ன நேரத்துக்கு வருவதும், சொன்ன நேரத்தில் எழுவதும்தான் அங்கே மரியாதை. திருமேனிநாதர் எழுபத்திரண்டாம் பட்டத்தில் இருந்தபோது ஓர்சன் எழுந்தார், தலை தாழ்த்தினார், போய்விட்டார்.

அரண்மனைக்குப் புறா பறந்தது. பதிலும் வந்தது: "பட்டங்கள் போதவில்லை போலும். மேலும் பன்னிரண்டு சேர்த்திருக்கிறோம்."

அடுத்த சந்திப்பில் அமைச்சர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மாடத்தி உப்பை மேசையில் கொட்டிவிட்டாள்.

"நூறு வண்டி இருக்கு அய்யா. மழைக்கு முந்தி எடுத்தீகன்னா நீங்க சொல்ற வெலதான்."

துபாஷி மொழிபெயர்த்தார். ஓர்சன் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்து, "எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒப்பந்தத் தாளை நீட்டினார்.

"அம்மையே, இது என்ன சந்தைக்கடையா?" என்று அமைச்சர் சீறினார்.

"பெறவு எதுக்கு அய்யா கப்பலேறி வந்தோம்?"

அமைச்சர் தாளைப் பார்த்தார். விற்பவர் பெயருக்கு ஒரே ஒரு வரி.

"நூற்றிருபது பட்டங்கள் இதில் அடங்காதே!"

"பெயர் மட்டும் போதும்" என்றார் ஓர்சன்.

"வெறும் பெயரா?" அமைச்சருக்கு வியர்த்தது. "எம் மன்னரை அம்மணமாக நிறுத்தச் சொல்கிறீரா?"

"எம் பேரப் போடுங்க அய்யா. நாலே எழுத்து" என்று மாடத்தி கெஞ்சினாள்.

"மன்னர் இருக்க வேண்டிய இடத்தில் உப்பளக்காரியா? ராஜத் துரோகம்!"

ஓர்சன் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார்.

கப்பல் கரை சேர்ந்தபோது சாமரபுரியில் மழை பிடித்திருந்தது. அந்த மழையிலும் முரசு அறைந்தார்கள்: "மாமன்னரின் பெருமை ஓல்மார் நாட்டுக் காகிதத்தில் அடங்கவில்லை! அயலகத்தில் மாபெரும் வெற்றி!"

அமைச்சருக்குப் பாராட்டு விழா ஏற்பாடானது. பந்தல் போட ஆள் தேவைப்பட்டது. உப்பளத்தில் எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள்.