என் விடைத்தாளில் கை வைத்த இரண்டு பேர்

சிஞ்ச்வட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரசா அக்காவுக்கு, பாமா அநேக நமஸ்காரம். இங்கே இவரும் நானும் க்ஷேமம். அத்திம்பேரின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மானம்தான் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் ஆகுர்டியில் கணக்கு டீச்சராக இருந்து, சாக்ஸுக்குள் பிட் வைத்திருந்தவனைக்கூட விடாமல் பிடித்தவள் நான். ரிட்டயர் ஆன பிறகு பகல் நகரவே இல்லை. யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டேனோ என்று பயமாக இருந்தது. ஆன்லைனில் பாடம் நடத்தச் சான்றிதழ் வாங்கினால் வேலை உண்டு என்று வாகட்டில் ஒரு டியூஷன் சென்டரில் சொன்னார்கள். உடனே ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். அதில் மூன்று பேர் கூடி ஒரு பாடம் தயாரிக்க வேண்டுமாம். என் கூட்டாளிகள், லீவு நாளில் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் தேஜஸ், தொழிற்சாலைப் பையன்களுக்கு லேத் கற்றுக்கொடுக்கும் ஸ்டீபன். மூவரும் ஒரே ஃபைலில் எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன வீடியோவை நான் பார்க்கவில்லை. நான் எழுத எழுத, என் கண்ணெதிரே என் வரியை யாரோ அழிக்கிறார்கள். பக்கத்தில் தேஜஸ் என்றும் கீழே ஸ்டீபன் என்றும் பெயர் வேறு மின்னுகிறது. பெயரைப் போட்டுக்கொண்டு காப்பியடிப்பவர்களை அன்றுதான் பார்த்தேன். "இரண்டு பேர் என் விடைத்தாளில் கை வைக்கிறார்கள், கடும் நடவடிக்கை தேவை" என்று கோர்ஸ் நடத்தும் ப்ரியம்வதாவுக்கு ஐந்தே நிமிஷத்தில் புகார் போயிற்று. விசாரணை முடியும்வரை ஃபைலைப் பூட்டிவிட்டார்கள். கெடு முடிய நான்கு நாள்தான் பாக்கி.

தேஜஸ் போன் செய்தான். "அரே ஆண்டி, காப்பி இல்லே. உங்க சம் கலத் ஆயிருந்தது, நான் கரெக்ட் பண்ணேன்." நிஜம்தான். ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கு, அக்கா! இவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ப்ரியம்வதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "தனியா எழுதினா பூஜ்யம்தான் மேடம். சேர்ந்து எழுதறதுக்குத்தான் மார்க்கே" என்று சொல்லிப் பூட்டைத் திறந்தாள். அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

மறுநாளே இருவரையும் வீட்டுக்கு அழைத்தேன். பழக்க தோஷம், ஆளுக்கொரு மூலையில் நாற்காலி போட்டுவிட்டேன். "இப்பிடி உக்காந்தா எப்பிடி டீச்சர் பேசுறது? பாயை விரிங்க" என்றார் ஸ்டீபன். அடையைத் தின்றுகொண்டே சண்டை போட்டோம். கால் சுற்று, அரைச் சுற்று என்று லேத் கைப்பிடியை வைத்து அவர் பின்னத்தை விளக்க, தேஜஸ் அதைப் படமாக்கினான். பிள்ளைகள் எங்கே தடுமாறும் என்று நான் எழுதினேன். என் வரிகளை அவர்கள் அழித்தார்கள், நான் தடுக்கவில்லை. இரண்டு இடத்தில் தடுத்தேன். ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் பார்த்தால் இவ்வளவு நன்றாக வருமென்று தெரியாமல் இத்தனை வருஷம் காவல் காத்தேனே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

நேற்று மார்க் வந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தேழு! இனி கடைசிப் பரீட்சை ஒன்றுதான். அதையும் எங்கள் வீட்டிலேயே மூவரும் உட்கார்ந்து எழுதுவதாக ஏற்பாடு.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். பேரக் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். நன்றாகப் படிக்கட்டும், சேர்ந்தே படிக்கட்டும்.

உன் தங்கை,
பாமா

பின்குறிப்பு: நேற்று ராத்திரி கவரை ஒட்டும்போது அறிவிப்பு வந்தது. கடைசிப் பரீட்சையைக் கேமரா முன்னால் அவரவர் தனியாகத்தான் எழுத வேண்டுமாம். பக்கத்தில் யாராவது தென்பட்டால் பேப்பர் செல்லாதாம். என்ன அநியாயம்! "முன்னாடியே சேர்ந்து படிச்சுக்கலாம் டீச்சர்" என்கிறார் ஸ்டீபன், நல்ல மனுஷன். நானோ, கேமராவுக்கு எந்த மூலை தெரியாது என்று காலையிலிருந்து ஹாலை அளந்துகொண்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லாதே.