நாற்காலிப் படம் இன்னும் வரவில்லை

மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முதுகு வலி. கிடங்கில் பெட்டி சரிந்து விழுந்ததில் அப்பாவின் கால் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி நலம். நீங்களும் அத்தையும் குழந்தையும் எங்களைப் போல இல்லாமல் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை எடுத்ததும் "சொல்லு" என்பீர்கள். அந்தச் "சொல்லு" காதில் விழுந்ததும் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிடும். பக்கத்து வீட்டு லாரிக்காரர் நாளைக் காலை உங்கள் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

விஷயம் கேமராதான் மாமா. போன தடவை வந்தபோது உங்கள் பழைய கேமராவை என் கையில் கொடுத்து, "பட்டனை அமுக்கு, மத்ததை அது பாத்துக்கும்" என்றீர்கள். அது பார்த்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது, வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள் அல்லவா? அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு திரும்பப் போ என்று யாரும் சொல்லவில்லை, போகட்டுமா என்று நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் போய்விட்டது. கேமரா வந்ததும் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. "அந்த உதவிச் சங்கத்துல படம் எடுக்க ஆள் வேணுமாம். சம்பளம் கெடையாது. போய் நாலு பேரோட பழகு. தெருவுல பாதிப் பேர் உன்னை ஊமைன்னே நெனைச்சிட்டிருக்காங்க" என்று என்னைக் கொண்டுபோய் விட்டாள். சங்கத் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பேசாதா? ரொம்ப நல்லது. போன பையன் பேசிப் பேசியே உயிரை எடுத்தான்" என்று அன்றே சேர்த்துக்கொண்டார்.

முதலில் மரம் நடும் விழா. தலைவர் செடியைக் குழியில் வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். என் விரல் லென்ஸை மறைத்திருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல், இன்னொன்று என்று விரலைக் காட்டினேன். அவர் செடியைப் பிடுங்கி மறுபடி வைத்தார். அந்தச் செடியை ஏழு தடவை நட்டார். எட்டாவது நாள் அது செத்துப் போனது. அடுத்தது ரத்த தான முகாம். அங்கே முதல் பாட்டிலைப் பார்த்ததுமே நான் கீழே விழுந்துவிட்டேன். ரத்தம் கொடுக்க வந்தவரை எழுப்பிவிட்டு அந்தக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள். அவர் நின்றபடியே கொடுத்தார். எழுந்த பிறகு மறக்காமல் எல்லோரையும் படம் எடுத்தேன். மூன்றாவதுதான் நாற்காலி.

எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெருவில் ரேடியோ பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ரேடியோக்காரர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மூன்று வருஷமாக வாசலைத் தாண்டவில்லை. அவருக்குச் சங்கத்தில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். தலைவர் ஒரு கைப்பிடியையும் ரேடியோக்காரர் ஒரு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு கழுத்து வலிக்கிற வரை என்னையே பார்த்தார்கள். நான் நாற்பது தடவை அழுத்தினேன். நடுவில் தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டபோது ரேடியோக்காரர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, "காட்டு பாப்பா" என்றார். ஒரு படம் எடுத்து, திரையில் தெரிகிறபோதே திருப்பிக் காட்டினேன். மேல் மூலையில் சிவப்பாக என்னவோ மின்னிக்கொண்டிருந்தது. முதல் நாளிலிருந்தே அது மின்னுகிறது, கேமராவுக்கு அப்படி ஒரு பொட்டு என்று நினைத்திருந்தேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் மாமா, அப்படி ஒரு சிரிப்பு, இருமல் வந்து தலைவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "நல்லா வந்திருக்கு பாப்பா. இப்படியே எடு" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் கொஞ்சம் சிரித்தேன்.

மறுநாளே சாவிக்கொத்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். சங்கத்தின் எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும், அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும். "மரமும் ரத்தமும் மெதுவா வரட்டும்மா. நாற்காலிப் படம் மட்டும் உடனே வேணும். அது கைக்கு வந்தாத்தான் என் வேலை முடியும்" என்றார். அது என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "கார்டு எங்கம்மா?" என்றார். எனக்கு அப்போதுதான் அதற்குள் ஒரு கார்டு இருக்க வேண்டும் என்றே தெரியும். "வீட்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியில் ஒரு சுவரோரம் நின்று அழுதேன். மூன்று விழா மாமா. அத்தனை பேரும் எனக்காகச் சிரித்தார்கள். ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய் ஒரு கார்டு கேட்டால், "இந்த மாடலுக்கு இப்ப கார்டே வர்றதில்லம்மா. யாரு குடுத்தாங்களோ அவங்ககிட்டயே கேளு" என்கிறார். அது உங்களிடம்தான் இருக்கும். அதில் குழந்தையின் படங்கள் இருக்கின்றன என்று கழற்றி வைத்திருப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாவிச் சத்தம் கேட்கும். "போட்டோ?" என்பார். "கம்ப்யூட்டர்ல ஏத்தணும்" என்பேன். அடுத்த வெள்ளி, "போட்டோ?" "ஏறுது." அதற்கு அடுத்த வெள்ளி, "இன்னுமாம்மா ஏறுது? மலையே ஏறியிருக்கலாமே!" ஒருநாள் சங்க ஆபீசுக்கே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தலைவர் வருகிற வரை சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு படத்தில் நாலு பேருக்கு நாற்காலி கொடுத்துக்கொண்டிருந்தார் தலைவர். நாலு நாற்காலியிலும் இடது கைப்பிடியில் ஒரே மாதிரி நீல டேப் சுற்றியிருந்தது. எல்லாம் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள் போல. தலைவர் வந்தார். "ஏம்மா, போட்டோ எடுத்தியா, கோலமா போட்டே, இவ்வளவு நாளா?" என்றார். நான் மறுபடி சுவரைப் பார்த்தேன். அவரே அலுத்துப்போய் அனுப்பிவிட்டார். போனில் எடுத்தால் என்ன என்று சாவிக்கொத்து அண்ணன் கேட்டதற்குத் தலைவர், சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சடித்தால் தன் முகம் அப்பிக்கொண்டு வருகிறது, கேமராப் படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

இதற்கு நடுவில் ரேடியோக்காரரைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. நாற்காலி வந்ததும் அவர் வீட்டிலேயே இல்லை. காலையில் கடைக்குப் போவார். பத்து மணிக்குத் தபால் பெட்டி பக்கத்தில் வெயில் காய்வார். சாயங்காலம் மடியில் யாருடைய ரேடியோவையாவது வைத்துத் திருகிக்கொண்டு தெரு முனையில் இருப்பார். என்னைக் கண்டால் ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்ன பாப்பா, போட்டோ ரெடியா?" என்பார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வேன். "அவசரமே இல்ல. மெதுவா, நிதானமா, அடுத்த வருஷம் குடு" என்பார். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு சுற்று வழியாகப் போக ஆரம்பித்தேன். பால் வாங்கப் போய்வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பன்னிரண்டு நாளைக்கு முன் அவர் இறந்துவிட்டார் மாமா. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். துக்கம் கேட்கச் சங்கத்திலிருந்து சாவிக்கொத்து அண்ணன் வந்தார். வந்த கையோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் தள்ளத் தள்ளச் சாவியெல்லாம் சலங்கை மாதிரி சத்தம் போட்டது.

இப்போது அவர் மனைவி என்னைத் தேடி வருகிறார். மூன்று தடவை வந்துவிட்டார். மூன்று தடவையும் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். அம்மா, "அந்தப் படத்தைக் கேட்டுத்தான் வர்றா. பாவம், வீட்ல மாட்ட அவர் படம் ஒண்ணு இல்லையாம். நீ என்னடி எப்பப் பாத்தாலும் குளிச்சிட்டே இருக்கே?" என்கிறாள். அவர் சிரித்தாரே, மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், அதை நான் எதிரே நின்று அழுத்தினேன், அது எங்கேயும் இல்லை. இதை அந்த அக்கா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? யார் இறந்தாலும் படத்தைப் பார்த்தாவது அழலாம். நான் அதையும் இல்லாமல் செய்துவிட்டேன்.

ஆகவே மாமா, இரண்டு உதவி. ஒன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி நாற்காலி விழா. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன ஒரு பஸ் டிரைவருக்கு, முப்பது வயசுதான், கொடுக்கிறார்கள். அதற்குள் அந்தக் கார்டை லாரிக்காரரிடமே எப்படியாவது கொடுத்தனுப்புங்கள். இந்தத் தடவை நாற்பது அல்ல, நானூறு எடுக்கிறேன். இரண்டாவது, கார்டு இல்லாவிட்டாலும் கேமரா தன் வயிற்றுக்குள் எங்காவது ஒரு படத்தையாவது ஒளித்து வைத்திருக்குமா என்று உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். இருக்காது என்று தெரியும். இருந்தாலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வேண்டாம். நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைக்கு என் முத்தங்கள், இரண்டு கன்னத்திலும் சமமாக. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் எதற்கும் சாக்குச் சொல்ல வேண்டிய நிலை வராமல், நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, கார்டை அனுப்ப வேண்டாம்.

கடிதத்தை ஒட்டப் போனபோது அந்த அக்கா நாலாவது தடவையாக வந்தார். தண்ணீர் வராத நேரம். குளியலறைக்குள் போயும் பிரயோசனம் இல்லை. நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, அந்தப் படம்... படம் இல்லக்கா. கார்டே இல்ல" என்றேன். வாழ்க்கையில் நானாக ஆரம்பித்த பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

"தெரியுமே" என்றார் அவர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ காட்டினப்பவே அவர் பாத்துட்டார். எத்தனை மிஷினைத் திருகின மனுஷன், அந்தச் சிவப்பு எழுத்து தெரியாதா? வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சார். 'யார்கிட்டயும் மூச்சு விடாதே. அந்தப் பொண்ணு கார்டு போடாத வரைக்கும் நாற்காலி நம்மளுது'ன்னார்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "போன வருஷம் எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் குடுத்தாங்க. படம் கைக்கு வந்த நாலாம் நாள், சங்கத்துப் பேர் எழுதணும்னு நாற்காலிய எடுத்துட்டுப் போனாங்க. இன்னும் எழுதிட்டிருக்காங்க. இருக்கிறதே ஒரு நாற்காலிதான் கண்ணு. படம் சரியா வரலேன்னா அதே ஆளை வச்சுத் திரும்ப எடுக்கணுமே, அதனால படம் வர்ற வரைக்கும் தொடமாட்டாங்க. முப்பத்தெட்டு நாள் வச்சிருந்தார். உன்னைத் தெருவுல பாத்துட்டு வர்றப்ப எல்லாம், 'பாப்பா இன்னும் குடுக்கல'ன்னு சந்தோஷமா வந்து சொல்வார். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் நானும் நடையா நடக்கறேன், நீ என்னடான்னா குளிச்சுக் குளிச்சே கரையறே."

"மாட்டறதுக்குப் படம் இல்லையே அக்கா."

"அடையாள அட்டையில ஒரு மூஞ்சி இருக்கு. அதைப் பாத்தா அவரே பயந்துடுவார்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் அசையாமல் இருந்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

அவர் போன அரை மணி நேரத்தில் சாவிச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை. "பழைய படம் போனா போகட்டும்மா, ஆளே போயாச்சு. ஞாயித்துக்கிழமைப் படமாச்சும் ஒழுங்கா வருமா?" என்றார்.

"வரும்" என்றேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அதனால் மாமா, கார்டு உங்களிடமே இருக்கட்டும். கேமராவை நான் திருப்பித் தரப்போவதில்லை. லாரிக்காரரிடம் வேறு எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். யாராவது போன் செய்து கேட்டால், கேமரா நல்ல கேமராதான், பெண்ணுக்குத்தான் கை கொஞ்சம் மெதுவு என்று மட்டும் சொல்லுங்கள். அந்த டிரைவருக்கு முப்பது வயசுதான். முப்பத்தெட்டு நாள் போதாது.