கொசுக்களுக்குப் பந்தி பரிமாறிய கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்குக் கொடுத்த லீவு லெட்டர்தான் (அதிலும் பாதி அவரே சொல்லச் சொல்ல எழுதியது). அப்படிப்பட்டவன், கொசுவின் வயிற்றுக்குள் பாக்டீரியாக்கள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்கிற விஷயத்தில் மூக்கை நுழைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் என் மனைவி சரசு இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிறேன். நான் உண்மையில் எவ்வளவு முட்டாளாக இருந்தேனோ அந்த அளவோடு நிறுத்திவைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் செம்மநத்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி பரிமாற நானே போய் நிற்பேன். பரிமாறுகிறவன் யாரிடமும் பேச வேண்டியதில்லை. வாளியையும் இலையையும் பார்த்தால் போதும்.

அதிலும் ஒருமுறை சறுக்கியது. ஒரு காதுகுத்து விருந்தில் ஏழாவது இலைக்குப் பாயசம் ஊற்றிவிட்டு, எட்டாவது இலையைத் தாண்டி ஒன்பதாவதற்குப் போய்விட்டேன். எட்டாவது இலை என் சித்தப்பாவுடையது. “என்ன பொன்னா, பந்தி வஞ்சனை பண்றயா?” என்று கேட்டார். இலையை மூடினார். எழுந்து போனார். ஆறு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு வைத்து ஒருவருக்கு வைக்காமல் விடுவது எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய குற்றம். அன்றிலிருந்து எதையாவது நாலு பேருக்குக் கொடுக்கும்போது, யாரும் விட்டுப்போகவில்லையே என்று இரண்டு முறை எண்ணிப் பார்ப்பேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறக்காமல் இருந்ததுதான் பின்னால் வினையானது.

நாலு வருஷத்துக்கு முன்னால், நாகலூர் எஸ்டேட்டில் காலியாகக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸுக்குப் பர்வீன் மேடம் வந்தார். சேலத்துப் பெண். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு. எந்த மரப்பொந்தில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்தத் தொட்டியில் கொசுப்புழு நெளியும் என்று காட்ட ஓர் ஆள் தேடினார். காப்பி நாற்றங்காலில் வேலை செய்துகொண்டிருந்த என்னை ரைட்டர் அனுப்பிவைத்தார். “ஆளு தொணதொணன்னு பேச மாட்டானுங்க” என்பதுதான் என்னைப் பற்றி அவர் கொடுத்த நற்சான்று.

மேடம் மரப்பொந்துக் கொசுக்களை முட்டையிட வைத்தார். அந்த முட்டைகளை மருந்துத் தண்ணீரில் கழுவி, ஒட்டியிருந்த கிருமிகளை எல்லாம் நீக்கினார். பிறகு மூடி போட்ட பன்னிரண்டு கண்ணாடி டப்பாக்களில் பிரித்து, சூடு குறையாத ஓர் அலமாரிக்குள் வரிசையாக வைத்தார். சிவப்பு மூடி மூன்றில் ஒரு வகை பாக்டீரியா. நீல மூடி மூன்றில் வேறு வகை. பச்சை மூடி மூன்றில் இரண்டும் சேர்த்து. வெள்ளை மூடி மூன்றில் ஒன்றுமே கிடையாது. தீனியும் கிருமி நீக்கியதுதான், எல்லாவற்றிலும் ஒரே அளவு.

நான் கேட்கவில்லை (கேட்க வெட்கம்). என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்.

“நாகலூர் பஸ்ல சீட்டுக்குத் துண்டு போடுவாங்கள்ல அண்ணா, அந்த மாதிரிதான். புழு வயித்துக்குள்ள எந்த பாக்டீரியா மொதல்ல போவுதோ, அது துண்டு போட்டு எடம் புடிச்சுக்கும். பின்னால ஏறறதுக்கு நிக்கக்கூட எடம் இருக்காது. சிலது மட்டும் தள்ளி ஒக்காந்து எடம் குடுக்கும். எது குடுக்குது, எது குடுக்கலேன்னு பாக்கறதுதான் நம்ம வேல.”

“வெள்ள மூடிங்க?” என்று கேட்டுவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

“அது காலி பஸ்ஸுங்க. ஒருத்தரும் ஏறல. பாக்டீரியா இல்லைன்னா புழு வளராது. அது வளராம இருந்தாத்தான் நான் முட்டையச் சுத்தமாக் கழுவியிருக்கேன்னு அர்த்தம். அது தப்பாப் போனா மத்த ஒம்பதையும் எங்க சார் நம்ப மாட்டாரு.”

சார் என்பது மேடத்தின் படிப்பை மேற்பார்வை பார்க்கும் சென்னைப் பேராசிரியர்; அவருக்கு மலையில் ஆராய்ச்சி செய்வதே பிடிக்கவில்லை. கொசுவுக்குச் சென்னையில் என்ன பஞ்சம் என்பது அவர் கட்சி. பன்னிரண்டாம் நாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சரியாக இருந்தால் மேடம் இங்கேயே தொடரலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்கும் திரும்ப நாற்றங்கால்தான்.

டப்பா வைத்த மறுநாள் மேடத்தின் அக்காவுக்குப் பிரசவ வலி. மேடம் சேலத்துக்குக் கிளம்பினார். “மூடியத் தொறக்கவே கூடாதுங்க அண்ணா. மேலாகப் பாத்து, புழு எப்படி இருக்குதுன்னு நோட்டுல எழுதுங்க. அவ்ளோதான்.”

அவ்வளவுதான். ஒரு மாட்டைக் கட்டிவைத்தால்கூடச் செய்துவிடும்.

மூன்று நாள் பார்த்தேன். சிவப்பு, நீலம், பச்சை மூன்றிலும் புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன. வெள்ளை மூடிக்குள் இருந்தவை மட்டும் பிறந்தபோது இருந்த மாதிரியே, தூசியாக, ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தன. மேடம் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் இருபது வருஷம் நாற்று வளர்த்தவன் நான். வாடின நாற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகும் பழக்கம் இந்தக் கைக்கு இல்லை. ஒன்பது வீட்டில் விருந்து நடக்கும்போது மூன்று வீட்டில் பட்டினி கிடப்பதை எத்தனை நாள் நோட்டில் எழுதுவது?

நாலாம் நாள் காலையில் என் தூக்குப்போசியைத் திறந்தேன். சரசு ஊற்றிக்கொடுத்த ராகிக் கூழ். இரண்டு நாள் புளித்தது. மேலே தெளிந்து நின்ற தண்ணீரில் ஒரு ஸ்பூன் எடுத்து வெள்ளை மூடி ஒன்றைத் திறந்து ஊற்றினேன். அடுத்தது. அதற்கடுத்தது. மூன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

திரும்பியபோது மற்ற ஒன்பது டப்பாக்களும் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. எட்டாவது டப்பாவில் சித்தப்பாவின் முகம் தெரிந்தது (சத்தியமாக). ஒன்பதுக்கும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றினேன். யாருக்கும் ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நோட்டில் “எல்லோரும் நலம்” என்று எழுதினேன்.

அதற்கப்புறம் வெள்ளை மூடிக்காரர்கள் வளர்ந்ததைப் பார்க்க வேண்டும். இரண்டே நாளில் நெளிய ஆரம்பித்தார்கள். ஐந்தே நாளில் கூட்டுப்புழு ஆனார்கள். டப்பா வைத்த பதினோராம் நாள் சிறகு விரித்து மூடிக்கடியில் ரீங்காரம் போட்டார்கள். என் மகள் பத்தாவது பாஸ் செய்தபோதுகூட நான் அவ்வளவு பூரிக்கவில்லை. (இதை அவள் படிக்கக்கூடாது.)

பன்னிரண்டாம் நாள் மேடமும் பெரிய சாரும் காரில் வந்து இறங்கினார்கள். சாருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், முழு வழுக்கை. மலைப்பாதையின் இருபது வளைவுகளும் அவர் முகத்தில் தெரிந்தன. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே உள்ளே வந்தார். நான் மூலையில் நின்று, யாராவது பாராட்டினால் எப்படித் தலை குனிவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் அலமாரியைத் திறந்தார். வெள்ளை மூடியைப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போய்விட்டது.

“இது என்ன?” என்றார் சார்.

என்னவென்று அருகில் பார்க்க அவர் மூடியைத் திறந்தார். பன்னிரண்டு நாள் சிறையில் இருந்த கூட்டம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. பாதி ஜன்னலுக்குப் போனது. மீதி சாரின் தலையைத் தேர்ந்தெடுத்தது. வாழ்நாள் பூராவும் கொசுவைப் படித்தவர், கொசுவை அடிப்பது மட்டும் நம்மைப் போலத்தான். அடி உச்சந்தலையில், கொசு காதில்.

அடங்கி உட்கார்ந்ததும் சார் மெதுவாகச் சொன்னார். “முட்டையைச் சரியாக் கழுவலம்மா நீ. இதை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. அடுத்த வாரம் சென்னைக்கு வந்துடு.”

“நல்லாத்தான் சார் கழுவினேன்” என்றார் மேடம். கையுறையின் ஒரு விரலைத் திருகிக்கொண்டே நின்றார். சத்தமில்லாமல் கண்ணீர் வந்தது. என்னால்தான் என்று சொல்ல நான் ஓரடி முன்னால் வைத்தேன். அப்படியே மூலைக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சரசு ஒரு சொம்போடு வந்தாள்.

“ஏனுங்க சார், வளைவுல வந்தது வவுத்தப் பொரட்டுமுங்க. இந்தக் கூழக் குடிங்க. நம்ம ஊட்டுக் கூழுங்க. நொம்ப நல்லதுங்க.”

சார் மறுத்துப் பார்த்தார். சரசுவிடம் யாரும் மறுத்து ஜெயித்ததில்லை. ஒரு வாய் குடித்தார். முகம் தெளிந்தது. இன்னொரு வாய். “பிரமாதமா இருக்கும்மா” என்று சொம்பை நன்றாகச் சாய்த்தார்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

“அதத்தானுங்க சார் கொசுவுக்கும் ஊத்துனேன்.”

சாருக்குப் புரையேறியது. சரசு தலையில் தட்டினாள் (ஏற்கெனவே வீங்கியிருந்த இடத்தில்).

“எதை?” என்றார், மூச்சு வந்ததும்.

“நீங்க குடிக்கறதைத்தானுங்க. வெள்ள மூடிக்கு. பாவமா இருந்துச்சுங்க. மேடத்து மேல தப்பில்லைங்க. அவங்க கழுவுனது சுத்தமுங்க. மூணு நாளு ஒரு புழுவும் வளரலைங்க. நாந்தானுங்க.”

என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் அதுதான்.

“வெள்ளைக்கு மட்டுமா ஊத்தினீங்க?”

“பன்னெண்டுக்குமுங்க.”

“ஏன்?”

“பந்தி வஞ்சனை பண்ணக்கூடாதுங்களே சார்.”

சார் காதோரம் வந்த ஒரு கொசுவை அடிக்கப் பார்த்தார். பிறகு மேடத்திடமிருந்து ஒரு விக்கல் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரிக்குள் குனிந்தார்.

“சார், இங்க பாருங்க. நீல மூடி மூணும் கலங்கிப் புளிச்ச வாடை அடிக்குது. சிவப்பு மூணும் தெளிவா அப்படியே இருக்கு. கூழுல இருந்த பாக்டீரியாவால சிவப்புக்குள்ள ஏற முடியலையோ என்னமோ.”

“டெஸ்ட் பண்ணாமச் சொல்லாதே” என்றார் சார். ஆனால் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்தார். இருவரும் வெகுநேரம் நிமிரவில்லை. போகும்போது பன்னிரண்டு டப்பாத் தண்ணீரிலும் மாதிரி எடுத்து, கூடவே சரசுவின் கூழிலும் ஒரு சிறு குப்பி எடுத்துக்கொண்டார்.

வாசலில் நின்று மேடத்திடம் சொன்னார். “முட்டை விஷயத்துல உன் மேல தப்பில்லை. இங்கேயே மறுபடி முதல்லேர்ந்து செய். இவரை வேணா மாத்திக்கோ.”

“இருக்கட்டும் சார். மரப்பொந்தெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும்” என்றார் மேடம்.

சரசு இந்தக் கதையைச் சொல்ல அன்று தொடங்கியதுதான். எங்கள் சொந்தத்தில் எந்தக் குழந்தை இளைத்திருந்தாலும் அதற்குப் பெயர் வெள்ளை மூடி. ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் போன் செய்து, “அப்பா, மெஸ்ஸுச் சோத்துல வெள்ள மூடி ஆயிட்டேன், கூழு அனுப்புங்க” என்கிறாள். விருந்தில் நான் வாளியோடு போனால், “பொன்னா, கொசுவுக்கு ஊத்துன அளவு ஊத்து, கொறைச்சுராத” என்று வரிசையே குரல் கொடுக்கிறது. அதில் சித்தப்பாவின் குரல்தான் பெரிது.

சார் வந்துபோன மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். பன்னிரண்டு டப்பாக்களையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துக் கவிழ்த்தேன். மேடம் புது முட்டைகளைக் கழுவி வைத்தார். அலமாரிக்கு ஒரு பூட்டு வந்திருந்தது. என் தூக்குப்போசியை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். வைத்தேன்.