நாலாம் நம்பர் தாளில் ஓட்டை இல்லை

ஐந்து குண்டு சுட்டாகிவிட்டது. தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் காதடைப்பானைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். ஐம்பது மீட்டருக்கு அப்பால், நாலு என்று எழுதிய பலகைக்குக் கீழே, இலக்குத் தாள் அப்போதுதான் அச்சகத்திலிருந்து வந்தது போல் பளிச்சென்று இருந்தது.

"ஓரத்துல எங்கயாவது பட்டிருக்கும், நல்லாப் பாருங்க" என்றார் துப்பாக்கிக் கடைக்காரர். சுடுதளத்துக்கு அடுத்த கட்டிடம்தான் அவர் கடை. வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்க்கட்டும் என்று ரைஃபிளைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

"ஓரத்துலயும் இல்ல."

"தாளை ஒட்டியிருக்கற அட்டையில?"

"அதுலயும் இல்ல."

"அப்போ குண்டு எங்க போச்சு?"

"அதை உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன்."

கண்ணாடிக் கடைக்காரருக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருஷமாக ஓர் இருட்டறைக்குள் நின்றுகொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம், "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவர். பொழுதுபோக்கு என்று ஒன்று கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அவரை இந்தச் சுடுதளத்துக்குக் கூட்டி வந்தார். பாயில் படுத்திருந்த யாரோ ஒருவர் ரைஃபிளில் குண்டை ஏற்றும் போல்ட் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார், இழுத்தார், தள்ளினார், மடக்கினார். நான்கே அசைவு. எண்ணெய் பூசிய இரும்பு இரும்பின் மேல் வழுக்கிக்கொண்டு போய், தன் இடம் தனக்குத் தெரியும் என்பது போல் 'க்ளக்' என்று உட்கார்ந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி ஆனதில்லை. இதை வீட்டில் சொல்லவில்லை.

அன்றைக்கே உறுப்பினரானார். பயிற்சி, பரீட்சை எல்லாம் முடித்து, போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றே ஒன்று வாங்கிக்கொள்ள அனுமதிச் சீட்டும் பெற்றுவிட்டார். சீட்டுக்கு ஆயுள் ஒரு மாதம். நாலு சனிக்கிழமை. அதற்குள் எது தனக்கு ஏற்றது என்று முடிவு செய்தாக வேண்டும். அதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்தார்.

"தோள்ல வைக்கற கட்டை உங்களுக்குக் குட்டை, அதான் விஷயம்" என்று துப்பாக்கிக் கடைக்காரர் அவரைக் கடைக்கு அழைத்துப் போனார். பச்சைத் துணி விரித்த மேஜையில் நாலு ரைஃபிள்களை வரிசையாகக் கிடத்தினார். "ஒவ்வொண்ணா தோள்ல வைங்க. இது வசதியா இருக்கா, அது வசதியா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"அவசரப்படாதீங்க. திரும்ப வைங்க. முதல்ல வச்சதா, அடுத்ததா?"

"முதல்ல எதை வச்சேன்?"

துப்பாக்கிக் கடைக்காரர் மூச்சை இழுத்து மெதுவாக விட்டார். தன் இருட்டறையில் தான் விடும் மூச்சு மற்றவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று கண்ணாடிக் கடைக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் இருப்பதிலேயே கனமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். தடித்த குழல். கனமாக இருந்தால் கை நடுக்கம் தெரியாது என்பது துப்பாக்கிக் கடைக்காரரின் கணக்கு.

அடுத்த சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு நாலாம் பாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பயிற்சியில் சொல்லித் தந்தபடி உடம்பைச் சற்றுச் சாய்த்து, காலை அகட்டிப் படுத்தார். ரைஃபிளின் மேல் பொருத்தியிருந்த ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். சுவர், பலகை, பக்கத்து ஆட்கள், வீட்டுக் கவலை எல்லாம் காணாமல் போயின. வெள்ளையில் ஒரு கருப்பு வட்டம் மட்டும் மிதந்தது. பாதி மூச்சை விட்டு, விசையை அழுத்தினார். தூக்கினார், இழுத்தார், தள்ளினார், மடக்கினார். பத்து முறை. அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் மனம் இருந்த அமைதியை அதற்கு முன் அவர் அறிந்ததில்லை.

தாளில் ஒன்றும் இல்லை.

ஏதாவது ஒரு குண்டு வழி தவறி எங்காவது பட்டிருக்கிறதா என்று தொலைநோக்கியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். வலப்பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஐந்தாம் நம்பர் தாள். அதன் கருப்பு வட்டத்துக்கு நட்டநடுவே, சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம் போல, ஒரே ஓர் ஓட்டை. உற்றுப் பார்த்தால் அது ஒன்றல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த பல.

"இங்க கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். குரல் தானாகவே தணிந்துவிட்டது.

துப்பாக்கிக் கடைக்காரர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தவர், மூன்றாம் முறையும் கண்ணை வைத்தார்.

இருவரும் ஐந்தாம் பாயைப் பார்த்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், சாம்பல் நிற ஸ்வெட்டர், பழைய மரக்கட்டை போட்ட ரைஃபிள். கல்லில் செதுக்கி வைத்தது போல் படுத்திருந்தார். விசையை அழுத்தினார். ரைஃபிள் இம்மிகூட அசையவில்லை.

"சுட்டா துள்ளவே இல்லையே" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"பிடி அப்படி."

"எனக்கு ஒவ்வொரு தடவையும் தோள்ல ஒரு தட்டு தட்டுது."

"அதெல்லாம் வரம், சார்."

சற்று நேரத்தில் அந்த அம்மாள் எழுந்தார். ரைஃபிளைப் பையில் போட்டார், பாயைச் சுருட்டினார், போய்விட்டார். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தத் தாளைவிட இதுதான் பெரிய அதிசயமாகப் பட்டது. அப்படி ஒன்றைச் செய்துவிட்டு எப்படி ஒரு மனிதப் பிறவியால் திரும்பிப் பார்க்காமல் போக முடிகிறது? அந்த அம்மாள் படுத்திருந்த இடத்தில் சுட்ட குண்டின் வெற்று உறை ஒன்றுகூடக் கிடக்கவில்லை. அவ்வளவு சுத்தம். நாலாம் பாயைச் சுற்றியோ, கடலை உரித்த இடம் போல் பித்தளை உறைகள் சிதறிக் கிடந்தன.

"அந்தத் தாளை நான் எடுத்துக்கலாமா?" என்று தளத்துப் பொறுப்பாளரிடம் கேட்டார். அவர் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்தத் தாளை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, கீழ போடாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை அது கண்ணாடிக் கடையில், எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில், சட்டம் போட்டுத் தொங்கியது.

"நீங்க சுட்டதா?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"சேச்சே, நான் எங்க? அது ஒரு மகானுபாவர் சுட்டது. நான் சுட்டா தாள்லயே படாது."

உண்மையைச் சொல்வதில் உள்ள ஆபத்தை அவர் யோசிக்கவில்லை. கண் பரிசோதிக்கிறவருக்கு ஐம்பது மீட்டரில் இருக்கும் தாள் தெரியவில்லை என்று பேச்சுக் கிளம்பியது. புதன்கிழமை ஒரு பள்ளி ஆசிரியை போன மாதம் வாங்கிய கண்ணாடியோடு வந்து, "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்களேன்" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அப்படி ஏழு பேர்.

"கடையா, துப்பாக்கியா?" என்றாள் மனைவி. கண்ணாடிச் சட்டங்களை விற்கும் முன்பகுதி அவள் பொறுப்பு. வருகிறவர்களின் முகத்தை முதலில் பார்ப்பவள் அவள்தான்.

"ரெண்டும் வேணும்."

"அப்போ முதல்ல உங்க கண்ணைப் பாருங்க."

இருட்டறையில் அவரையே நாற்காலியில் உட்கார வைத்து அவளே சோதித்தாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் அவர் தனக்கு ஒரு புதுக் கண்ணாடி செய்துகொண்டார். அதைப் போட்டுக்கொண்டு படி இறங்கினால் கடைசிப் படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. காலில் கட்டோடு மூன்றாவது சனிக்கிழமை சுடுதளத்துக்கு வந்தார்.

இந்த முறை துப்பாக்கிக் கடைக்காரர் பெரிய ஸ்கோப் ஒன்று பொருத்தி வந்திருந்தார். கருப்பு வட்டம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. இதில் தவறவே முடியாது. பதினைந்து குண்டு.

தாள் வெள்ளை.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று துப்பாக்கிக் கடைக்காரர் அதே பாயில் படுத்து, அதே ரைஃபிளால் ஐந்து குண்டு சுட்டார். நாலாம் நம்பர் தாளில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, ஐந்து ஓட்டை அழகாக விழுந்தன. எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டார். "துப்பாக்கில குறை இல்ல" என்றார். சிறிது நேரம் கழித்து, "என் கண்ணாடியையும் ஒரு தடவை பாத்துடறீங்களா? நீங்க போட்டுக் குடுத்ததுதானே" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் தொலைநோக்கியை ஐந்தாம் நம்பருக்குத் திருப்பினார். ஆறுதலுக்காகத்தான். இந்த வாரம் நடுப்புள்ளியே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, பின்னால் உள்ள மண்மேடு தெரிந்தது. அவருக்குத் துக்கம் மறந்துவிட்டது. ஒரு மனிதருக்கு ஒன்று இந்த அளவுக்குக் கைகூடும் என்றால், தனக்குக் கைகூடாததைப் பற்றி என்ன வருத்தம்? இதைப் பக்கத்தில் படுத்துப் பார்க்கக் கிடைத்ததே போதாதா?

அந்த வாரம் முழுக்கக் கடை மூடிய பிறகு, சாப்பாட்டு மேஜையை நகர்த்திவிட்டுத் தரையில் படுத்து, துடைப்பத்தைத் தோளில் வைத்து, அந்த அம்மாளைப் போலவே அசையாமல் இருக்கப் பழகினார். மனைவி அவரைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தம்மாகிட்ட?"

"நீயே வந்து பாரு."

நாலாவது சனிக்கிழமை மனைவியும் வந்தாள். அனுமதிச் சீட்டுக்கு அன்று கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் பயிற்சி, பரீட்சை எல்லாம் முதலிலிருந்து. துப்பாக்கிக் கடைக்காரர் கடைசியாக இரண்டு ரைஃபிள்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று லேசானது, ஒன்று கனமானது. ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு சுட்டார் கண்ணாடிக் கடைக்காரர். மூச்சு, தோள், விரல் எல்லாம் ஐந்தாம் பாயைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். மனதில் அதே அமைதி.

தொலைநோக்கியில் மனைவி கண்ணை வைத்தாள். நாலாம் நம்பர் தாளை வெகுநேரம் தேடினாள்.

"துடைச்சு வச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் மெல்ல.

"அடுத்ததைப் பாரு."

அவள் நகர்த்தினாள். பேச்சு வரவில்லை. இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் பேச்சில்லாமல் நின்றதை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு நிமிர்ந்து, "இது மனுஷக் கை போட்ட ஓட்டையா?" என்றாள். "நீங்க சொன்னப்போ பெருசாச் சொல்றீங்கன்னு நினைச்சேன். குறைச்சுல்ல சொல்லியிருக்கீங்க."

"நான் என்ன செய்யட்டும்? நேரம் நாலரை ஆச்சு."

"இவ்வளவு பெரிய ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்க ஏன் எங்ககிட்ட கேக்கறீங்க? போய் அவங்ககிட்ட கேளுங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா, இத்தோட விட்டுடலாம். உங்களுக்கும் நிம்மதி, கடைக்கும் நிம்மதி."

துப்பாக்கிக் கடைக்காரரும் தலையை ஆட்டினார். "அவங்க வாயால ஒரு வார்த்தை வந்தா நானும் கேட்டுக்குவேன்."

ஐந்தாம் பாய் அம்மாள் அப்போதுதான் எழுந்து ரைஃபிளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் கிட்டே போனார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பின்னாலேயே மனைவியும் துப்பாக்கிக் கடைக்காரரும் வந்து நின்றார்கள். மூன்று பேர் கைகட்டி நிற்பதைக் கண்டு அந்த அம்மாள் மிரண்டுபோய்ப் பையின் ஜிப்பைப் பாதியில் விட்டார்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "நான் நாலாம் பாய். முதல் துப்பாக்கி வாங்க வந்தவன். நாலு வாரமாச் சுடறேன், என் தாள்ல ஒண்ணுகூட விழல. உங்க தாளை எடுத்துக்கிட்டுப் போய் என் கடையில மாட்டியிருக்கேன். இன்னிக்கு அஞ்சு மணியோட என் சீட்டு முடியுது. லேசானதை வாங்கவா, கனமானதை வாங்கவா, இல்ல பேசாம வீட்டுக்குப் போகவா? நீங்க என்ன சொன்னாலும் சரி."

அந்த அம்மாள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பது போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எனக்கு என்ன சார் தெரியும், எனக்கு இன்னும் குண்டே குடுக்க ஆரம்பிக்கல, நாலு வாரமா வெறும் துப்பாக்கியோட படுத்துப் பழகிக்கிட்டிருக்கேன்; என் தாள்ல யாரோ ஒருத்தர் வாராவாரம் நட்டநடுவுல சுட்டுட்டுப் போறாரு, அவர் யாருன்னு தெரிஞ்சா நானும் அவர்கிட்டதான் கேக்கணும்னு இருக்கேன்."