கண்ணாடிப் பெட்டிக்குள் மாமனாரின் கைத்தடி

எங்கள் ஊருக்கு வரலாறு கிடையாது. படையெடுத்துப் போனவர்கள்கூட இந்த வழியாகப் போனார்களே தவிர, இறங்கிப் பார்க்கவில்லை. இருந்தாலும் எல்லா ஊருக்கும் வரலாறு இருந்தே தீர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டி, காப்பாட்சியர் ஒருவரையும் நியமித்துவிட்டார்கள். உள்ளே வைக்கப் பொருள் தேடுவது மட்டும்தான் பாக்கி. அந்தச் சில்லறை வேலையை அவரே பார்த்துக்கொள்வார் என்று உத்தரவு.

அங்கே போய்ப் படம் எடுத்துப் போடாதவர்களை இப்போதெல்லாம் மனிதர்களாகவே மதிப்பதில்லை என்று என் மனைவி தெரிவித்தாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் மாமனாரும் மதிப்புப் பெறப் புறப்பட்டோம். மாமனாருக்கு முழங்கால் தேய்ந்ததிலிருந்து கைத்தடிதான் கால். அது இல்லாமல் வாசல்படி இறங்க மாட்டார்.

நுழைவாயிலில் காவலாளி கையை நீட்டினான். "தடியைக் கொடுத்துட்டுப் போங்க. கண்ணாடி உடைஞ்சா யாரு பொறுப்பு?"

"அவர் நடக்கணுமேப்பா?"

"பார்க்க வந்தீங்களா, நடக்க வந்தீங்களா?"

இப்படி ஒரு கேள்விக்கு நாங்கள் தயாராகி வரவில்லை. தடியைக் கொடுத்தோம். மாமனார் என் தோளில் தொங்கினார்.

முதல் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. 'முன்னோரின் நீர் மேலாண்மை.' அடுத்து ஒரு ஹெல்மெட். 'பெயர் தெரியாத போர்வீரனின் தலைக்கவசம்.' என் மனைவி ஒவ்வொன்றின் பக்கத்திலும் தலையைச் சாய்த்து, உதட்டைக் குவித்து, பாரம்பரியத்தைப் போற்றினாள். இந்தக் கண்றாவியைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கிறோமே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆமை வேகத்தில் கடைசிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். புதுக் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஒரே கூட்டம். உள்ளே மாமனாரின் கைத்தடி படுத்திருந்தது. 'ஊரை உண்டாக்கிய பெருந்தகையின் ஊன்றுகோல். கணிக்க இயலாத பழமை.'

காப்பாட்சியரைப் பிடித்தேன். "சார், அது எங்க மாமாவோட தடி. இப்பத்தான் வாசல்ல கொடுத்தோம்."

"கொடுத்தோம்னு நீங்களே சொல்றீங்க. வாசல்ல கொடுத்தா அது அருங்காட்சியகத்துக்கு வந்த பொருள். வேற எப்படி சார் பொருள் வரும்?"

"அடியில ரப்பர் இருக்கு, பாருங்க!"

"ரொம்ப முன்னேறின சமுதாயம்."

"மருந்துக்கடை ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கு!"

"அடடே, மருத்துவ அறிவும் இருந்திருக்கு. நல்லாக் கவனிச்சீங்க" என்று நன்றி சொல்லி, அதையும் அட்டையில் எழுதிச் சேர்த்தார்.

மாமனார் கெஞ்சினார். "ஐயா, அது என்னோடது. அது இல்லாம நான் பஸ் ஏற முடியாது."

"அதுக்கு உரியவர் காலமாகிப் பல தலைமுறை ஆச்சுன்னு அறிவிச்சாச்சு, பெரியவரே. நீங்கதான் அவர்னா, இன்னும் எப்படி உயிரோட இருக்கீங்கன்னு விளக்கம் கொடுக்கணும்."

உயிரோடு இருப்பதற்கு மாமனாரிடம் விளக்கம் இல்லை. கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ இவர் வீட்டுக்கு எப்படிய்யா போவார்?"

கூட்டம் திரும்பிப் பார்க்கவும் காப்பாட்சியர் குரலைத் தாழ்த்தினார். "கத்தாதீங்க. பின்னறையில புது வரவு கிடக்கு. தோதா ஒண்ணு எடுத்துக்குங்க. இன்னும் அட்டை எழுதலை. அதனால அது வரலாறு இல்லை."

பின்னறையில் பைகளும், செருப்புகளும், ஒரு தள்ளுவண்டியும், குடைகளும் குவிந்து கிடந்தன. மாமனார் வெள்ளிப் பிடி போட்ட நீளமான குடை ஒன்றை ஊன்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நம்ம தடியைவிட இது கைக்கு வாகா இருக்கு, மாப்ளே."

நாங்கள் வெளியே வரும்போது ஓர் அம்மாள் காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "வெள்ளிப் பிடி போட்ட குடைப்பா. நேத்து உன் கையிலதானே கொடுத்தேன்!" நாங்கள் நின்று கேட்கவில்லை. மாமனார்தான் எல்லாருக்கும் முன்னால் போனார்.

இப்போது அந்தக் குடை எங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. 'கொள்ளுத்தாத்தாவின் குடை' என்று மனைவி அட்டை எழுதி, படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். ஊரே பாராட்டுகிறது. நேற்று வாசல்வரை போய் வர மாமனார் அதை எடுக்கப் போனார்.

"தொடாதீங்கப்பா! அது பாரம்பரியம்" என்றாள்.

மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.