குடைக்காரருக்கு மருந்தெடுத்த கதை

கம்பத்து ஆண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த மிடுக்கை ஒற்றைக் குடையால் நாசம் பண்ணிய ஆள் ஒருவர் உண்டு. பெற்றவர்கள் அவருக்கு ஏதாவது நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை. குடைக்காரர் என்றால் போதும், பால் கறக்கிறவன்கூடச் சிரித்துக்கொண்டே வீட்டைக் காட்டுவான்.

மேலே மலையில் அணை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. கம்பத்தில் கால் வைக்க இடமில்லை. சுண்ணாம்பும் இரும்பும் அரிசியும் வண்டி வண்டியாக மலையேறும். அந்தச் சாமான்களை இறக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்றில் எழுத்து வேலைக்கு ஓடைப்பட்டியிலிருந்து வந்தவர் இவர். வந்தவர் தனியாக வந்தாரா? இல்லை. மார்க்கையன்கோட்டையில் கட்டின புதுப்பெண்டாட்டி அங்கம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு மண்சுவர். அதனால் நான் சொல்லப்போவது எதுவும் ஊரார் வாயில் பொறுக்கினது இல்லை. எல்லாம் என் காதால் கேட்டது, கண்ணால் கண்டது.

எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் வருவாள். நடுவே ஒரு மாட்டுவண்டி திரும்புகிற அளவுக்காவது இடம் விட வேண்டும். அதுதான் குடும்பத்துக்கு அழகு. என் வீட்டுக்காரர் கம்பும் சோளமும் விற்கிற தவசக் கடை வைத்திருந்தார். அந்த அழகில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது காலில் முள் ஏறி நான் வாய்க்கால் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்து, கால் கழுவி, மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, "சோத்தப் போடுடி" என்று சத்தம் கொடுத்த பிறகுதான் சோறு போடுகிறவள் இன்னும் வந்து சேரவில்லை என்பதே அவருக்குத் தெரிந்ததாம். ஆண்பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும்!

இந்தக் குடைக்காரர் என்ன செய்தார்? குடியேறின மறுநாளே பெண்டாட்டியைப் பக்கத்தில், ஆமாம், பக்கத்தில், தோளுக்குத் தோள் நடக்க வைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனதோடு விட்டாரா? அவர் கையில் ஒரு குடை. மலையில் இருந்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கறுப்புக் குடை. ஒரு கம்பி வளைந்து தொங்கும். ஒரு ஆண்பிள்ளை குடை பிடிப்பது பெரிய கௌரவமாக இருந்த காலத்தில், அந்தக் கௌரவத்தை அப்படியே தூக்கி அங்கம்மா தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போனார். அவர் தலையோ வெயிலில் காய்ந்தது. நாளாவட்டத்தில் குடைப்பக்கத்துக் கை ஒரு நிறமாகவும் வெயில்பக்கத்துக் கை ஒரு நிறமாகவும் ஆகிவிட்டது அந்த மனுஷனுக்கு.

சந்தைக்குப் போனால் அதைவிடக் கேவலம். கத்திரிக்காயைக் கையில் எடுப்பார். "இது எப்படி, நல்லாருக்கா?" என்று அவளைக் கேட்பார். அவள் தலையாட்டினால்தான் வாங்குவார். கத்திரிக்காய் வாங்கப் பெண்டாட்டியின் உத்தரவு! பிறகு வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே இலையில் பணியாரம் தின்பார்கள். புருஷன் தின்று முடித்த இலையில் பெண்டாட்டி தின்றால் அது முறை. ஒரே நேரத்தில், ஒரே இலையில், அதுவும் கடைசிப் பணியாரத்தை "நீ தின்னு", "நீங்க தின்னுங்க" என்று தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டு! பார்க்கிறவர்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் பார்க்காமல் யாரும் நகரவில்லை.

ஒருநாள் இரண்டு பேரும் சுருளி அருவிக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். எனக்கு மனசு பதறிவிட்டது. அமாவாசைகூட இல்லையே, யார் வீட்டில் என்ன ஆச்சோ என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஏத்தா அங்கம்மா, சுருளிக்கு எதுக்குப் போனீக? காரியம் கீரியமா?"

"ஐயையோ, இல்லக்கா."

"நேர்த்திக்கடனா?"

"அதுவும் இல்லக்கா."

"பெறகு?"

"சும்மாத்தேன். தண்ணி விழுகுறதப் பாக்கணும்னேன். கூட்டிட்டுப் போனாக."

சும்மா! கேட்டீர்களா? கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குப் போவோம், சந்தைக்குப் போவோம், கோயிலுக்குப் போவோம். சும்மா போகிறதற்கு என்று ஒரு இடம் உலகத்தில் உண்டா? தண்ணீர் கீழே விழாமல் மேலேயா ஏறும், போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு? அன்று முழுக்க எனக்கு அடுப்பு வேலை ஓடவில்லை.

பொழுது சாய்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பல்லாங்குழி ஆரம்பித்துவிடும். மீசை வைத்த ஆண்பிள்ளை பல்லாங்குழி ஆடிக் கேள்விப்பட்டதுண்டா? ஆடினால்கூடப் போகிறது, தோற்றுவிட்டு அழிச்சாட்டியம் வேறு.

"நீ புளியங்கொட்டைய ஒளிச்சுட்ட!"

"நான் எங்க ஒளிச்சேன்? நீங்கதேன் மடியில கட்டி வச்சிருக்கீக. எந்திரிங்க பாப்போம்!"

பிறகு ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டே சுவரை முறைப்பார். "பைத்தியக்காரப் பய" என்பார். ஆனால் அந்த நேரத்தில் நான் பாத்திரத்தை உருட்டினால் மட்டும் "சத்தம் போடாத" என்று அதட்டுவார்.

இதையெல்லாம் தெரு பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது குடத்தில்தான். அங்கம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல். குடைக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடைப்பட்டியிலிருந்து ஆத்தாளை வரவழைத்திருக்க வேண்டும். இவர் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நேரே ஆற்றுக்குப் போனார். பெண்கள் தண்ணீர் எடுக்கிற துறையில், பெண்களுக்கு நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் குடத்தை முக்கினார். நனைந்து சொட்டச் சொட்டத் தெரு நெடுகத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "பாவம், தெனமும் இந்தக் கனத்தையா சொமக்குறாக?" என்று விசாரணை வேறு. அன்றைக்கு எத்தனை வீட்டுப் பெண்கள் தங்கள் குடத்தைப் புருஷன் கண்ணில் படுகிற மாதிரி நடுவீட்டில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதோடு தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. இது சீக்கு இல்லை, பைத்தியமும் இல்லை. மருந்து. சோற்றில் வைத்துக் கொடுத்துப் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்கிற மருந்து. மலை தாண்டினால் மலையாளம். அங்கே கிடைக்காத மருந்தா? அங்கம்மா வைத்துவிட்டாள்!

பேச்சு வண்டிக்காரர்களோடு ஏறி ஓடைப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசையிலிருந்து திரும்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கூண்டுவண்டி நின்றது. குடைக்காரரின் ஆத்தா வந்திருந்தாள். கூடவே, வாந்தி எடுக்கவைத்து அந்த மருந்தை வெளியே கொண்டு வருகிற மருந்தெடுக்கிறவன் ஒருவன். அவன் பிறந்தது பக்கத்திலிருக்கிற கூடலூரில்தான். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க் கொஞ்சகாலம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், வாய் நிறைய மலையாளத்தை வைத்துக்கொண்டு வைத்தியனாகத் திரும்பி வந்துவிட்டான்.

ஆத்தாள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "எம்மகன் ஓடைப்பட்டியில ஒரு சொம்புத் தண்ணி எடுத்துக் குடிக்காத பய. இங்கன வந்து கொடம் சொமக்குறான்னா, அத அவன் செய்யல, மருந்து செய்யுது. மருந்து மட்டும் வெளிய வரட்டும், இவ இந்த வண்டியிலயே அவ அப்பன் வீட்டுக்குப் போறா. பெறகு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

வெறும் பேச்சு இல்லை. அங்கம்மாவின் துணிமூட்டையும் அவள் கொண்டு வந்த பல்லாங்குழிக் கட்டையும் ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தன. மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை. அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

குடைக்காரருக்குக் கொஞ்சமாவது ரோஷம் வந்ததா? "இம்புட்டுத்தான? குடு ஆத்தா, குடிக்கிறேன். உள்ள ஒண்ணும் இல்ல, பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே முற்றத்தில் உட்கார்ந்தார். மருந்தெடுக்கிறவன் ஏதோ தழையை இடித்துப் பிழிந்து வைத்திருந்த சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான்.

"பேடிக்க வேண்டா, கேட்டோ. ஒற்ற மடக்கு!"

பயப்படாமல் ஒரே மடக்காகக் குடிக்க வேண்டுமாம். ஒரே மடக்குத்தான். பிறகு நடந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கிற வாசகர்களை உத்தேசித்து விட்டுவிடுகிறேன். குடைக்காரர் குடலே வெளியே வந்துவிடும்போல் சட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். மருந்தெடுக்கிறவன் சட்டிக்குள் குச்சியை விட்டுக் கிண்டினான். ஒரு கை குச்சியில் இருந்தது. மறுகை இடுப்பு மடிக்குப் போய்விட்டு வந்தது. திடீரென்று மயிரும் மெழுகுமாக ஒரு கறுப்பு உருண்டையைத் தூக்கிக் காட்டினான்.

"கண்டோ! கண்டோ!"

"அட, இடுப்புலருந்து எடுக்குறான்யா!" என்று நான் கத்தினேன். கூட்டத்தின் கூச்சலில் யார் கேட்டார்கள்? கேட்டவர் ஒரே ஒருத்தர், என் வீட்டுக்காரர். "ஊர் வம்பு நமக்கெதுக்கு, வாய மூடு" என்றார்.

ஆத்தாள் வண்டியைக் கை காட்டினாள். "ஏறுடி."

குடைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆத்தா, அவ போனா நானும்..." சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சட்டியின்மேல் கவிழ்ந்துவிட்டார்.

அங்கம்மா சுவரை விட்டு வந்தாள். வண்டிக்குப் போகிறாள் என்றுதான் எல்லோரும் விலகி வழிவிட்டோம். அவள் நேரே போய், மிச்சச் சாறு இருந்த கலயத்தைக் கையில் எடுத்தாள்.

"அத்த, எனக்கும் எடுக்கச் சொல்லுங்க. எனக்கும் அதே சீக்குத்தேன். அவுக வர நேரமானா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அவுக கூட வந்தாத்தேன் சந்த சந்தையா இருக்கு. எங்கிட்டுப் போனாலும் அவுக கூடத்தேன் போகணும்னு இருக்கு. அவுகளுக்கு நான் மருந்து வச்சேன்னா, எனக்கு யாரு வச்சாக?"

கேட்டுவிட்டு, அண்ணாந்து கலயத்தை வாயில் கவிழ்த்துவிட்டாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் இன்னொரு சட்டி வந்தது. மருந்தெடுக்கிறவன் குச்சியை விட்டுக் கிண்டினான். கிண்டினான், கிண்டிக்கொண்டே இருந்தான். மடிக்குக் கை போனது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது. பாவி, கொண்டு வந்தது ஒரே ஒரு உருண்டை!

"என்னய்யா, கூழு கிண்டுறது மாதிரி கிண்டுறீரு?" என்றாள் ஆத்தாள்.

"இதுக்கு... ஒண்ணும் இல்ல, தாயி." அவனுக்கு மலையாளம் மறந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லாமலா இந்தப் புள்ள இப்பிடித் தவிக்குது?"

அவன் குச்சியைக் கீழே போட்டான். முற்றத்தில் உச்சி வெயில். அங்கம்மா சட்டியின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். அந்த நிலைமையிலும் நம் குடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? தவழ்ந்து தவழ்ந்து போய், மூலையில் கிடந்த குடையை எடுத்து விரித்து, அவள் தலைக்குமேல் பிடித்தார். குடை ஒரு பக்கம் சாய்கிறது, அவர் ஒரு பக்கம் சாய்கிறார். இதைவிட ஒரு கூறுகெட்ட மனுஷனை நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்?

ஆத்தாள் விறுவிறுவென்று கிட்டே வந்தாள். பிறகு ஒரு போடு போட்டாள்.

"ஏலே வெளங்காதவனே! கொடைய எங்கிட்ட குடுத்துட்டு மொதல்ல அவ தலையப் பிடிலே!"

பிடுங்கின குடையை அவளே பிடித்துக்கொண்டாள், இரண்டு பேருக்கும் நிழல் விழுகிற மாதிரி. குடை பிடித்துக்கொண்டே மருந்தெடுக்கிறவனைப் பார்த்த பார்வையில், அவன் தானாகவே போய் வண்டியில் ஏறிக்கொண்டான். மூட்டையையும் பல்லாங்குழியையும் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. ஆத்தாள் அங்கேயே தங்கிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அவள் ஊருக்குத் திரும்புகிற அன்று மூன்று பேருமாகச் சுருளிக்குப் போய்விட்டு வந்தார்கள். என்ன விசேஷம் என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

மேலே வேலை முடிந்ததும் கிட்டங்கியை மூடிவிட்டார்கள். அவர்களும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். கடைசியாகப் பார்த்தபோதும் வண்டிக்குள் உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்துதான் போனார்கள். வண்டி எதற்கு வாடகைக்குப் பிடித்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த மருந்தெடுப்பு நடந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து என் வீட்டுக்காரர் வழக்கம்போல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வழக்கம்போல் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் வந்தேன். வாய்க்கால் திருப்பத்தில், எனக்கு முள் குத்தின அதே இடத்தில், மனுஷன் நின்றுவிட்டார். வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். நன்றாகத்தான் கட்டியிருந்தது; மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். நான் பக்கத்தில் வந்து சேருகிறவரைக்கும் கட்டிக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு நின்னுட்டீக?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

"சும்மாத்தேன்" என்றார்.

அந்தக் குடைக்காரர் எங்கே இருந்தாலும் மகராசனாக இருக்கட்டும்.